எண்மக் கதைசொல்லலில் கேட்போர் என்னும் உறுப்பு

கதை வாயிலாகக் கற்பித்தல் எல்லா நாட்டார்க்கும் பொதுவான பழைய முறையாகும். அம்முறை கணிப்பொறியோடு சேர்ந்து அண்மைக் காலத்தில் ஒரு புதிய வடிவம் பெற்றுள்ளது. அதனை ஆங்கில வழக்கினையொட்டி டிஜிட்டல் கதைசொல்லல் என்பர். எண்மக் கதைசொல்லல் என்று தமிழிற் கூறலாம். மாணவர் தாமே எழுதிய சிறியதோர் உரையைத் தம் குரலிற் பதிவு செய்து, அதனோடு நிழற்படங்களையும் வேண்டிய அளவில் இசையையும் இணைத்து, இரண்டு அல்லது மூன்று நிமிட அளவில் அமைக்கும் படைப்பே எண்மக் கதை எனப்படும். மொழிப்பாடம், வரலாறு, அறிவியல் எனப் பல துறை வகுப்புகளிலும் அது இன்று பயிற்சியாகத் தரப்படுகின்றது, மதிப்பெண்ணும் பெறுகின்றது.

ஒரு படைப்பு மதிப்பெண் பெறத் தொடங்கியவுடன் அதனை எவ்வளவைக் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினா எழுகின்றது. எண்மக் கதைக்கென வகுக்கப்பட்ட இலக்கணங்கள் சில உள்ளன. அவை எங்கே தோன்றின, வகுப்பறைக்குள் வந்தபோது எவ்வாறு மாறின, அம்மாற்றத்தில் விடுபட்டது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடுபட்டது 'கேட்போர்' என்னும் உறுப்பே என்பதும், அதனை மீட்டாலன்றி இப்பயிற்சி கல்விக் கருவியாக நிலைபெறாது என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

தோற்றமும் பரவலும்

எண்மக் கதைசொல்லல் பள்ளியிற் பிறந்ததன்று, அரங்கிற் பிறந்தது. அமெரிக்க நாட்டுக் கலைஞராகிய டானா அட்ச்லி என்பார் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் படங்களோடும் ஒளித்திரையோடும் அவையோர் முன்னிலையில் சொல்லிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தார். அந்நிகழ்ச்சியை 1990களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து அரங்கொன்றில் மேடையேற்ற உதவியவர் நாடகத் துறையினரான ஜோ லாம்பர்ட் ஆவார். கலைஞர் ஒருவர் செய்து காட்டுவதைப் பொதுமக்கள் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையைக் கொண்டு செய்ய இயலாதா என்னும் எண்ணத்திலிருந்து பயிலரங்குகள் தோன்றின. 1994ஆம் ஆண்டில் லாம்பர்ட், அட்ச்லி, நீனா மல்லன் ஆகியோர் சேர்ந்து அந்நகரில் நிறுவிய மையம், 1998இல் பெர்க்லி நகருக்கு மாறி எண்மக் கதைசொல்லல் மையம் என்னும் பெயரைப் பெற்றது. 2015இல் 'ஸ்டோரிசென்டர்' எனப் பெயர் மாறிற்று. அட்ச்லி 2000ஆம் ஆண்டிற் காலமானார்.

அம்மையத்தின் பயிலரங்கு பெரும்பாலும் மூன்று நாள் அளவினது. அதன் முதற்பணி கணிப்பொறியைத் திறப்பதன்று. பங்கேற்போர் ஏறத்தாழப் பதின்மர் வட்டமாக அமர்வர், ஒவ்வொருவரும் தாம் சொல்லக் கருதிய கதையைச் சொல்வர், ஏனையோர் கேட்பர். அதன்பின்னரே எழுத்தும், குரற்பதிவும், படமும் வரும். இவ்வமர்வினைக் கதைவட்டம் என்பர். பயிலரங்கின் இறுதியில் முடிந்த படைப்புகள் அதே வட்டத்தார் முன்னிலையில் திரையிடப்பெறும். தொடக்கத்திலும் இறுதியிலும் கேட்போர் உளர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அம்மையத்திற் பயிற்சி பெற்ற டேனியல் மெடோஸ் என்னும் நிழற்படக் கலைஞர் இம்முறையைப் பிரித்தானியாவிற்குக் கொண்டு சென்றார். பி.பி.சி. வேல்ஸ் நிறுவனமும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் இணைந்து 2001 முதல் 2008 வரை நடத்திய 'கேப்ச்சர் வேல்ஸ்' என்னும் திட்டத்தில் வேல்ஸ் நாட்டுப் பொதுமக்கள் ஊர்தோறும் கூடித் தம் கதைகளை ஆக்கினர். ஏறத்தாழ 250 சொற்கள், பன்னிரண்டு படங்கள், இரண்டு நிமிடம் என்னும் அளவினை மெடோஸ் வற்புறுத்தினார். அடிவரையறை ஒரு பாவகைக்குக் கட்டுக்கோப்பினைத் தருதல் போல, இவ்வரையறையும் எண்மக் கதைக்கு வடிவம் தந்தது எனலாம்.

ஏழு கூறுகளும் பத்துக் கூறுகளும்

லாம்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் நல்ல எண்மக் கதைக்கு ஏழு கூறுகளை வகுத்தனர். அவை: சொல்வோரின் நோக்குநிலை, கதையை நடத்திச் செல்லும் வினா, உணர்வு செறிந்த பொருள், குரல் என்னும் கொடை, ஒலியமைப்பின் ஆற்றல், சிக்கனம், நடையின் விரைவும் தளர்வும் என்பன.

இவற்றை வகுப்பறைக்கு ஏற்ப விரித்தவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்டு ராபின் ஆவார். 2008இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை கல்வியாளரிடையே பெரிதும் அறியப்பட்டது. எண்மக் கதைகளை வாழ்க்கைக் கதை, வரலாற்று நிகழ்ச்சியை ஆராயும் கதை, ஒரு கருத்தினை அறிவுறுத்தும் கதை என அவர் மூவகைப்படுத்தினார். வாழ்க்கை நிகழ்ச்சியை மட்டுமே கருதிய ஒரு வடிவத்தை எல்லாப் பாடங்களுக்கும் உரியதாக்கிய சிறப்பு இப்பாகுபாட்டிற்கு உண்டு. அவர் காட்டிய பத்துக் கூறுகளாவன: கதையின் பொதுநோக்கம், சொல்வோரின் நோக்குநிலை, கதையை நடத்தும் வினா, பொருளின் தேர்வு, குரலின் தெளிவு, நடையின் விரைவு, பொருளோடு பொருந்திய ஒலி, படங்களின் தரம், செய்திகளின் சிக்கனம், பிழையற்ற மொழிநடை என்பன.

இவ்விரு பட்டியல்களையும் ஒப்புநோக்கின் சில உண்மைகள் புலனாகும். நோக்குநிலை, வினா, ஒலி, சிக்கனம், நடை ஆகிய ஐந்தும் இரண்டிலும் உள்ளன. 'உணர்வு செறிந்த பொருள்' என்பது 'பொருளின் தேர்வு' என ஆயிற்று. 'குரல் என்னும் கொடை' என்பது 'குரலின் தெளிவு' என ஆயிற்று. பொதுநோக்கம், படத்தின் தரம், மொழிநடை ஆகிய மூன்றும் புதியனவாகச் சேர்ந்தன. இம்மாற்றங்கள் காரணமற்றவை அல்ல. ஐம்பது மாணவரின் படைப்புகளை மதிப்பிடும் ஆசிரியர்க்கு அளந்து காணத்தக்க கூறுகள் வேண்டும். குரல் தெளிவாக உள்ளதா என்பதைக் காணலாம். கொடையாக உள்ளதா என்பதை அளக்கும் கோல் இல்லை. எனினும் கொடை என்னும் சொல் நீங்கியபோது அதனோடு வேறொன்றும் நீங்கிற்று. கொடை என்பது கொள்வோரை வேண்டி நிற்கும் சொல். தெளிவு என்பதோ பேசுவோரிடத்தே அமையும் பண்பு. கொள்வோர் இன்றியும் குரல் தெளிவாக இருத்தல் கூடும்.

ஏழு கூறுகளுள்ளும் பத்துக் கூறுகளுள்ளும் கேட்போர் என்பது தனிக்கூறாக எண்ணப்படவில்லை. கதையை நடத்தும் வினா என்பது கேட்போரை ஈர்த்தற்கே உரியதாகலின் கேட்போர் அதனுள் அடங்குவர் எனச் சிலர் கூறலாம். அது பொருந்தும், ஆயினும் முழுதும் பொருந்தாது. ஈர்க்கப்படுவோர் பொதுவான அவையோர். அவர் யாராகவும் இருக்கலாம். இன்னார்க்கு இதனைச் சொல்கின்றேன் என்னும் தெளிவு அதனால் அமையாது.

பயிலரங்கில் இக்குறை தோன்றாமைக்குக் காரணம் வெளிப்படை. ஆங்கே கேட்போர் கண்ணெதிரே வட்டமாக அமர்ந்திருந்தனர். ஆதலின் அவரைப் பட்டியலில் எழுத வேண்டிய தேவை நேரவில்லை. பட்டியல் வகுப்பறைக்குப் பயணப்பட்டபோது வட்டம் உடன் செல்லவில்லை. லாம்பர்ட் பின்னர் ஏழு கூறுகளைத் திருத்தி ஏழு படிகளாக அமைத்தபோது, கதையைப் பிறரோடு பகிர்தல் என்பதனை ஏழாம் படியாக வைத்து, யார்க்காக இக்கதை என்னும் வினாவினை மீண்டும் எழுப்பினார். முதல் வகுப்பில் இடமொன்று ஒழிந்திருந்தது என்பதற்கு இத்திருத்தமே சான்றாகும்.

தொல்காப்பியர் கூறும் கேட்போர்

இவ்விடத்தில் தமிழ்ச் செய்யுளியல் ஒளி தருகின்றது. தொல்காப்பியர் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைத் தொகுத்துரைக்கின்றார். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி முதலிய வடிவ உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் முதலிய பொருள் உறுப்புகளும் அவற்றுள் அடங்கும். சீரும் அடியும் போலவே கேட்போரும் செய்யுளின் உறுப்பு என்பது அவர் துணிபு.

ஈண்டு ஒரு வேறுபாட்டினைக் குறித்தல் வேண்டும். தொல்காப்பியர் கூறும் கேட்போர் நூலைப் பயிலும் நம்மனோர் அல்லர். செய்யுளின் உள்ளே நின்று ஒருவர் கூற்றினைக் கேட்கும் மாந்தர். தலைவி கூற்றினைத் தோழி கேட்பாள். தோழி கூற்றினைச் செவிலி கேட்பாள். நாம் அவ்வுரையாடலைப் புறத்தே நின்று கேட்கின்றோம். ஆதலின் எண்மக் கதையின் இலக்கணத்தைத் தொல்காப்பியர் முன்னரே உணர்ந்து உரைத்தார் எனக் கூறுதல் மிகையாகும். அங்ஙனம் கூறுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. சொல்வோரையும் கேட்போரையும் பிரித்துக் காணாத அவர்தம் முறை, இன்றைய பட்டியலில் உள்ள இடைவெளியைக் காணக் கண்ணாக உதவுகின்றது என்பதே கருத்து.

தலைவி தோழியிடம் கூறும் சொல் வேறு. அதே செய்தியைச் செவிலியிடம் கூற நேரின் அச்சொல் வேறு. கேட்போர் மாறக் கூற்று மாறும். இக்கூற்று இன்னார் இன்னார்க்குக் கூறியது என்பதனைக் கூற்றினுள்ளேயே உய்த்துணர வைப்பது முன்னம் என்னும் உறுப்பு. மாணவர் தம் கதையை எழுதத் தொடங்கும்போது இது யார்க்குச் சொல்லப்படுகின்றது என்னும் வினா விடை பெறாவிடின், அக்கதை கேட்போர் அற்றதாகிவிடுவதில்லை. ஒழிந்த அவ்விடத்தில் தேர்வாளர் வந்து அமர்கின்றார். மாணவர் தேர்வாளர் விரும்புவது யாது என எண்ணி எழுதுகின்றனர். பொதுவான சொற்களும், இறுதியில் ஓர் அறவுரையும், உள்ளத்தை உருக்கும் இசையும் அதன் விளைவுகளாம். வகுப்பறைக் கதைகள் பல ஒன்றையொன்று ஒத்திருத்தற்குக் காரணம் மாணவர்தம் வாழ்க்கை ஒத்திருப்பதன்று, கேட்போர் ஒருவராகிவிட்டதே.

சொல்லும் படமும்: எச்சம்

கேட்போரை உறுப்பாகக் கொள்வதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாணவி தன் பாட்டியின் தையற்பொறியைப் பற்றி எழுதுகின்றாள் எனக் கொள்வோம். அவள் எழுதிய முதல் உரையில், பாட்டி துணி தைத்துக் குடும்பத்தைக் காத்தார். அவர் மிக அன்பானவர். அவர் மறைந்தபோது எல்லோரும் வருந்தினர் என்று உள்ளது. திரையில் முறையே தையற்பொறியின் படமும், பாட்டியின் படமும், மாலையிட்ட படமும் வருகின்றன. குரல் தெளிவு, படம் தரமுடையது, மொழிநடை பிழையற்றது. பத்துக் கூறுகளுள் பலவற்றிற்கு நிறைந்த மதிப்பெண் தரலாம். ஆயினும் படம் சொல்லையே திரும்பச் சொல்கின்றது. கேட்போர்க்குச் செய்வதற்கு ஏதும் இல்லை.

அவ்வுரையை அவள் தன் தோழியர் எண்மர் அமர்ந்த வட்டத்திற் படிக்கின்றாள். ஒருத்தி, "அந்தப் பொறி இப்போது எங்கே உள்ளது?" என வினவுகின்றாள். அது வீட்டின் கூடத்தில் இன்னும் இருக்கின்றது. அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. மிதிகட்டையில் சிறுவர் கால் வைத்து ஆட்டுவர் என்று அவள் விடை கூறுகின்றாள். கதை அவ்விடையில் இருந்தது, உரையில் இல்லை. தனக்கு நாள்தோறும் பழகிய காட்சியாதலின் சொல்லத்தக்கது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்த திருத்தத்தில் பாட்டியின் அன்பைக் கூறும் அடைமொழிகள் நீங்குகின்றன. குரல் பாட்டி தைத்த சட்டைகளைப் பற்றிப் பேசுகையில், திரையில் மிதிகட்டையின்மேல் ஒரு சிறுவனின் கால் காட்டப்படுகின்றது. மறைவு சொல்லப்படவில்லை, கேட்போர் அதனைத் தாமே உணர்கின்றனர்.

சொல்லொழிந்து நின்று கேட்போரால் நிரப்பப்படுவதனைத் தொல்காப்பியர் எச்சம் என்பர். எண்மக் கதையிற் சிக்கனம் எனப்படுவது சொற்குறைப்பு மட்டுமன்று. எதனைக் கேட்போர்க்கு விட்டுவைப்பது என்னும் தெரிவு ஆகும். அத்தெரிவினைக் கேட்போர் முன்னிலையிலன்றிக் கற்றல் அரிது.

படம் வெறும் அணி என்பது இதனாற் பெறப்படுவதன்று. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் இளைஞர்க்கென நடந்த எண்மக் கதைத் திட்டத்தின் படைப்பொன்றைக் கிளிண்டா ஹல், மார்க் நெல்சன் ஆகிய இருவரும் 2005இல் நுணுகி ஆராய்ந்தனர். சொல்லின் பொருளும் படத்தின் பொருளும் கூட்டப்பட்டு அமைவதன்று அப்படைப்பின் பொருள். இரண்டின் உறவிலிருந்து புதிதாகத் தோன்றுவது என அவர்கள் காட்டினர். தையற்பொறியின் எடுத்துக்காட்டும் அதனையே உணர்த்தும். படத்தின் 'தரம்' என்னும் அளவு அவ்வுறவினை அளக்கவில்லை என்பதே நாம் கூறவருவது.

மெய்ப்பாடும் மதிப்பெண்ணும்

இனி, உணர்வு பற்றிய சிக்கல் ஒன்று உண்டு. இப்பயிற்சியில் மாணவர்க்கு உண்மையாகவே தீங்கு நேரத்தக்க இடம் இதுவாகலின் இதனை விரிவாக நோக்குதல் வேண்டும். பயிலரங்கிற்கு வருவோர் தாமே விரும்பி வருவோர். எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாது விடுவது, முடிந்த படைப்பினை யார்க்குக் காட்டுவது என்பன அவர்தம் உரிமை. இவ்வுரிமைகளை அம்மையம் தன் நெறிமுறைகளில் எழுதியே வைத்துள்ளது. வகுப்பறை மாணவர் நிலை அத்தகையதன்று. வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் அவரைப் பிணித்துள்ளன. 'உன் வாழ்வில் உன்னை மாற்றிய நிகழ்ச்சியைக் கூறுக' என ஆசிரியர் பணிக்கும்போது, தாயை இழந்த மாணவர்க்கு அப்பணிப்பு யாது பொருள் தரும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூறினால் தம் துயரை மதிப்பெண்ணுக்கு மாற்றியவராவர். கூறாவிடின் உணர்வு குன்றிய கதையைத் தந்தவராவர்.

அழுகை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. நகையும், மருட்கையும், பெருமிதமும், உவகையும் அவற்றுள் அடங்குவனவே. இருந்தும் வகுப்பறை எண்மக் கதை அழுகையை நோக்கியே சாய்வதற்குக் காரணம், மதிப்பிடுவோர் உள்ளத்தை விரைவில் அசைப்பது அதுவாதலே. ராபின் தம் பட்டியலில் உணர்வு என்னும் சொல்லை விடுத்தமை இந்நோக்கில் ஒருவகைக் காப்பும் ஆகும். எனினும் சொல்லை நீக்குதலால் மட்டும் சிக்கல் நீங்காது. கேட்போர் தேர்வாளராக உள்ள வரையில் உணர்வு விலைப்பொருளாகும் இடர் இருந்துகொண்டே இருக்கும்.

வகுப்பில் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் எண்மக் கதைசொல்லலை வகுப்பிலிருந்து விலக்குதல் வேண்டும் என்பது முடிபன்று. மாணவர் எழுதி, எழுதியதைத் தம் செவியாற் கேட்டுத் திருத்தும் வாய்ப்பினை இத்துணை எளிதாகத் தரும் பயிற்சி வேறு அரிது. எழுத்திற் சரியெனத் தோன்றிய நெடுந்தொடர், குரலிற் படிக்கும்போது மூச்சு முட்டுவதை மாணவர் தாமே உணர்கின்றனர். மொழியாசிரியர் எத்துணை முறை சிவப்பு மையாற் குறித்தும் விளங்காதது ஒரு பதிவினால் விளங்கிவிடும். ஆதலின் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுதும்.

முதலாவது, கருவியைத் தொடுவதற்கு முன் கதைவட்டம் நிகழ்தல் வேண்டும். அறுபது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் பத்து நிமிடம் எனின் பத்து மணிநேரம் ஆகும்; அது இயலாது என்பர். பதின்மராக ஆறு வட்டங்கள் ஒரே நேரத்தில் அமரின் நூறு நிமிடங்களில், இரண்டு வகுப்பு நேரங்களில், முடியும். ஆசிரியர் எல்லா வட்டத்திலும் இருத்தல் இயலாது. அது குறையன்று, தேர்வாளர் இல்லாத வட்டத்தில் மாணவர் தம்முட் பேசுதலே பயன் தரும்.

இரண்டாவது, கேட்டலுக்கும் மதிப்பெண் வேண்டும். பிறர் கதையைக் கேட்டு எழுப்பிய வினா, அவ்வினாவால் அக்கதையில் நேர்ந்த திருத்தம் ஆகியவற்றை மாணவர் எழுதித் தரலாம். நன்னூலின் பொதுப்பாயிரம் பாடஞ்சொல்லலின் வரலாற்றோடு பாடங்கேட்டலின் வரலாற்றையும் தனியே கூறுகின்றது. கேட்டல் பயிலத்தக்க ஒரு தொழில் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று.

மூன்றாவது, முதல் வரைவையும் இறுதி வரைவையும் ஒருங்கே பெற்று, அவற்றிடையே நேர்ந்த மாற்றத்தை மதிப்பிடுதல் வேண்டும். முடிந்த படைப்பினை மட்டும் மதிப்பிடின், வீட்டில் நல்ல கணிப்பொறி உடைய மாணவரே முந்துவர். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில சொற்களைப் பெற்றே உரையும், படமும், இசையும், மனிதக் குரலை ஒத்த குரலும் ஆக்கித் தருகின்றன. குரலின் தெளிவும் படத்தின் தரமும் மொழிநடையின் பிழையின்மையும் இனி மாணவரின் முயற்சிக்குச் சான்றாகா. வட்டத்தில் எதிரே அமர்ந்த தோழர் எழுப்பும் எதிர்பாரா வினாவிற்கு மாணவர் தாமே விடை கூறுதல் வேண்டும். அவ்விடை கதையினுள் சென்று சேர்ந்த வழியினை இரு வரைவுகளும் காட்டும்.

நான்காவது, பொருளைத் தேரும் உரிமை மாணவரிடத்தே இருத்தல் வேண்டும். ராபின் கூறிய மூவகையுள் எதனையும் தேரலாம் எனவும், வாழ்க்கைக் கதை கட்டாயமன்று எனவும் முன்னரே அறிவித்தல் நன்று. தம் ஊர்க் குளத்தின் வரலாற்றைக் கூறும் மாணவர் தம் துயரைக் கூறும் மாணவரினும் குறைந்தவர் அல்லர். படைப்பினை வகுப்பிற்கு வெளியே காட்டுவதற்கு மாணவரின் இசைவு தனியே பெறப்படுதல் வேண்டும். அவ்விசைவு மதிப்பெண்ணோடு தொடர்புறுதல் கூடாது.

முடிவுரை

அரங்கில் அவையோர் முன் பிறந்த எண்மக் கதைசொல்லல், பயிலரங்கில் வட்டத்தார் முன் வளர்ந்தது; வகுப்பறைக்குள் வந்தபோது கூறுகளின் பட்டியலாகச் சுருங்கிற்று. அப்பட்டியல்கள் பயனுடையன, அவற்றை ஆக்கியோர் கல்விக்குச் செய்த தொண்டும் பெரிது. ஆயின் அவற்றுட் கேட்போர் இடம்பெறாமையால், தேர்வாளரே கேட்போராகி, மாணவரின் குரல் அவர்க்கேற்ப வளையும் நிலை நேர்ந்தது. தொல்காப்பியர் கேட்போரைச் செய்யுளின் உறுப்பாக எண்ணிய முறையினை உளங்கொண்டு நோக்கின், ஏழு கூறுகளோடு எட்டாவதாகவோ, பத்துக் கூறுகளோடு பதினொன்றாவதாகவோ கேட்போரைச் சேர்த்தல் தகும். சேர்க்கும் இடம் ஏட்டில் மட்டும் அமையின் பயனில்லை. வகுப்பின் கால அட்டவணையில் அதற்கு நூறு நிமிடங்கள் ஒதுக்கப்படுதல் வேண்டும். அதனைச் செய்தற்குப் புதிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போடுதலே போதும். ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தத்தம் வகுப்பிற் செய்து கண்டு, தம் பட்டறிவினை ஆய்வுலகிற்கு வழங்குவாராயின் இவ்வாராய்ச்சி மேலும் வளரும்.